இறக்கத்தில் மட்டும் மெத்தென்று

யாரையும் சட்டென்று நம்பிவிட எனக்கு வராது. இதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை. முப்பது வருஷம் இதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் பழைய பத்திரத்தில் உள்ள கையெழுத்தையும் புதிய மனுவில் உள்ள கையெழுத்தையும் அருகருகே வைத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒரு சுழி கூடுதலாக இருந்தால் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுவேன். ஓய்வு பெற்றபோது நாற்காலி போயிற்று, கண் போகவில்லை. பால்காரர் பாத்திரத்தை எவ்வளவு சாய்க்கிறார் என்று பார்ப்பேன். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்கு எத்தனை கரண்டி பிரதமன் பாயசம் விழுந்தது என்றுகூடப் பார்த்திருக்கிறேன். என் மனைவி இதைப் பற்றி வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. என்னோடு கடைக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

நாங்கள் இருப்பது ஸ்ரீவராகத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய பழைய அக்ரகார வீடு ஒன்றில். காரை நிறுத்த இடம் கிடையாது. வாசலை ஒட்டி, எதிர் வீட்டுக்காரரின் வண்டிக்கு வழி விட்டு, தெருவிலேயே நிற்கும். இருபது வயதைத் தாண்டிய சின்ன வெள்ளைக் கார் அது. அதை விற்றுவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்லாத உறவினர் இல்லை. புதிய காரை நம்புவதற்கு இன்னும் பத்து வருஷம் அதைக் கவனிக்க வேண்டுமே என்பது என் பதில்.

அந்தக் காரைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மணக்காடு போகும் வழியில், மூடிக் கிடந்த ஒரு டயர் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட செட்டில் தனியாளாக வேலை செய்தார். பேச்சு குறைவு. ஒரு சக்கரத்தைக் கழற்றினால் அதிலிருந்து வருவதையெல்லாம் கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளில் பரப்பி வைப்பார். புதிய பாகம் போட்டால் பழையதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வண்டியின் பின்சீட்டில் வைத்துவிடுவார். அந்தப் பழக்கத்துக்காகத்தான் அவரிடம் போனேன். போன பிறகும் ஒரு வருஷம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவருடைய கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அதற்குப் பிறகே எங்கள் தெருவில் மற்றவர்களிடம் அவரைப் பற்றிச் சொன்னேன். நான் ஒருவரைச் சரியென்று சொன்னால் அதற்கு எங்கள் தெருவில் ஒரு மதிப்பு உண்டு. நான் சரியென்று சொல்வது அவ்வளவு அபூர்வம். ஒருவர் பின் ஒருவராக ஏழு கார்கள் அவரிடம் போக ஆரம்பித்தன. அவருடைய வேலையில் பாதிக்கு மேல் எங்கள் தெருதான் என்று அவரே ஒருமுறை சொன்னார்.

மழை தொடங்குவதற்கு முன்பு ஒரு நாள் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, பிரேக் ஆயில் கறுத்துவிட்டது, முழுக்க மாற்ற வேண்டும் என்றார். சந்தையில் போலி ஆயில் நடமாடுவதாக எங்கோ படித்திருந்தேன். அதனால் நானே கடைக்குப் போய், டின்னின் சீலை மூன்று முறை திருப்பிப் பார்த்து, பெரிய டின்னாக வாங்கி வந்தேன். பாதி டின்தான் செலவாயிற்று.

"மிச்சத்த வைக்காண்டாம் சார். தூரப் போட்டுருங்க," என்றார் கையைத் துடைத்துக்கொண்டே.

ஏன் என்று நான் கேட்கவில்லை. ஏன் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நான் தூரப் போட்டால் அதை எடுத்து இன்னொரு வண்டியில் ஊற்றுவார். டின்னைக் கையோடு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

டின்னின் மூடி சரியாக உட்காரவில்லை. தவிர, எங்கள் வீட்டில் எதையும் கடையிலிருந்து வந்த டின்னிலேயே வைக்கும் வழக்கம் கிடையாது. எண்ணெயோ நெய்யோ வெல்லமோ, வந்தவுடன் கழுவித் துடைத்த பாத்திரத்துக்கு மாறிவிடும். நானும் ஊறுகாய் போடும் பீங்கான் ஜாடிகளில், பரணி என்போம், சின்னதாக ஒன்றை எடுத்துக் கழுவி, உள்ளே துணி விட்டுத் துடைத்து, ஆயிலை அதில் ஊற்றினேன். வடுமாங்காய்க்குக் கட்டுவது போல வாயில் வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டினேன். ஸ்டோர் ரூமில் மேல் தட்டில், யார் கையும் படாத இடத்தில் வைத்தேன். எனக்கே அது திருப்தியாக இருந்தது.

"மாங்காய் வந்தா எதுல போடறதாம்?" என்று மனைவி கேட்டாள்.

"வேற பரணியே இல்லையா ஆத்துல?"

"இருக்கு. அதிலேயும் நீங்கோ பெட்ரோல் ஊத்தி வெக்கறதுக்குள்ள போட்டுடணும்."

அந்த வருஷம் மழை விடவே இல்லை. சமையலறையில் உப்பு தண்ணீராக நின்றது. அப்பளம் துவண்டு போயிற்று. இதையெல்லாம் தினமும் பார்த்தவன்தான் நான். அடுக்களையில் உப்பைத் தேடி வந்த ஈரம் ஸ்டோர் ரூமுக்கும் வழி தெரிந்து போகும் என்று மட்டும் தோன்றவில்லை.

மழை ஓய்ந்தபோது பின்சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாகக் கசிந்திருந்தது. சக்கரத்துக்குள் இருக்கும் சிலிண்டரில் ரப்பர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். மாற்றினால் நாலு சக்கரத்துக்கும் போகும் பிரேக் குழாய்களில் காற்றை எடுத்துவிட்டு ஆயில் நிரப்ப வேண்டும். ஆயில் என்னிடம் இருக்கிறது என்று சொல்லி, பரணியிலிருந்து ஒரு பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போனேன்.

அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது புது டின்லேந்து எடுத்ததா சார்?"

எனக்குச் சுருக்கென்றது. என்னைப் போய் ஒருவர் சந்தேகப்படுவதா. "கடையில நானே நின்னு வாங்கினது. சந்தேகமா இருந்தா ஊத்த வேண்டாம்," என்றேன்.

"ஐயோ, அப்படிச் சொல்லல சார்," என்று சொல்லி ஊற்றிவிட்டார். நான் வழக்கம் போல ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் பழைய ரப்பரைக் கழற்றியதையும் புதிய ரப்பரைக் கவரிலிருந்து பிரித்ததையும் கவனித்தேன். இரண்டாவது சக்கரத்துக்குப் போகும்போது மட்டும் ஒரு போன் வந்தது, எழுந்து வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தேன். ஐந்து நிமிஷம் இருக்கும். இந்த ஐந்து நிமிஷம் பின்னால் என் தலைக்குள் பெரிதாக வளர்ந்தது.

மாதத்துக்கு ஒருமுறை நான் மலைமேல் இருக்கும் போனக்காட்டுக்குப் போவேன். அங்கே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருப்பவர்கள் தமிழர்கள். அவர்களுடைய மனுக்கள் மலையாளத்தில் போக வேண்டும், பழைய காகிதங்கள் பாதி தமிழில் இருக்கும். அதை எழுதிக் கொடுப்பது ஓய்வுக்குப் பின் எனக்கு நானே வைத்துக்கொண்ட வேலை. அந்த முறை மலையைப் பார்க்க வேண்டும் என்று மனைவியும் கூட வந்தாள்.

ஏறும்போது ஒன்றும் இல்லை. மத்தியானத்துக்குப் பின் இறங்கினோம். கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக வரும் இடத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் மெத்தென்று உள்ளே போயிற்று. பிசைந்து வைத்த மாவில் காலை வைத்த மாதிரி இருந்தது. வண்டி நிற்கவில்லை. மறுபடி மிதித்தேன், மறுபடி மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது, வளைவு வந்துவிட்டது. கியரை இரண்டுக்கும் பிறகு ஒன்றுக்கும் இறக்கினேன். வண்டி அலறியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, மலையை ஒட்டிய பக்கம் இருந்த புல் மேட்டில் ஒரு சக்கரத்தை ஏற்றி நிறுத்தினேன். மறு பக்கத்தில் ஒன்றும் இல்லை, மரங்களின் தலைதான் தெரிந்தது. எஞ்சினை அணைத்த பிறகும் ஹேண்ட் பிரேக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

மனைவி பைக்குள் கையை விட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். "கொஞ்சம் குடிங்கோ. அப்பறம் பேசலாம்."

அரை மணி நேரம் கழித்து பெடலை மெல்ல மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. ஒன்றுமே நடக்காதது போல. முதல் கியரிலேயே அடிவாரத்தில் இருக்கும் விதுரை வரை இறங்கினோம். அங்கிருந்து வீடு வரைக்கும் பிரேக் ஒரு தவறும் செய்யவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. கெட்டுப்போன பொருள் கெட்டுப்போன மாதிரியே இருந்தால் ஒருவன் என்ன ஏது என்று பார்க்கலாம். இது என் மனைவியைச் சாட்சியாக வைத்துக்கொண்டு மலையில் ஒரு முகமும் ஊரில் ஒரு முகமும் காட்டியது.

மறுநாள் காலையில் செட்டுக்குப் போய் நின்றேன். மெக்கானிக் நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார். கசிவு இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு பெடலை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னார். மாஸ்டர் சிலிண்டர் போயிருந்தால் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கும் என்றார். இறங்கவில்லை. குழாய்களில் காற்று இருக்கிறதா என்று நாலு சக்கரத்திலும் திருகைத் திறந்து பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை.

"கல்லு மாதிரில்லா இருக்கு சார். எனக்கு ஒண்ணும் தெரியல்ல."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"நீங்க எதுக்கு பொய் சொல்லப் போறிய? எனக்குப் பிடி கிட்டலன்னு சொல்லுதேன்."

அவர் தெரியவில்லை என்று சொன்னது உண்மை. எனக்கு உண்மையைக் கேட்டால் உடனே சந்தேகம் வரும். பின்சீட்டில் இருந்த பிளாஸ்டிக் கவரை வீட்டுக்கு எடுத்து வந்து, அதிலிருந்த பழைய ரப்பர்களைக் கூடத்து மேஜையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இவை என் வண்டியிலிருந்து வந்தவைதானா? வேறு யாருடைய வண்டியிலிருந்தாவது கழற்றி வைத்திருந்ததை என் கவரில் போட்டுவிட்டு, என் பழைய ரப்பரை அப்படியே திரும்ப மாட்டியிருந்தால்? நான் போன் பேசப் போன ஐந்து நிமிஷத்தில் அது முடியாதா?

"அவர் அப்படியெல்லாம் பண்ணமாட்டார்," என்றாள் மனைவி, ரப்பர்களுக்கு அடியில் ஒரு பழைய காகிதத்தை நுழைத்தபடி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பைபாஸ் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஒர்க்ஷாப் ஒன்று இருந்தது. அங்கே கொண்டுபோய்க் காட்டினேன். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வரவில்லை, சக்கரத்தைத் தொடவில்லை. "கடைசியா வேலை பார்த்தது யாரு?" என்று மலையாளத்தில் கேட்டார். சொன்னேன். "அப்ப காரணம் அதுதான். பழைய சாமானைப் போட்டிருப்பான்," என்றார். எனக்கு வேண்டியிருந்த வார்த்தை அது. வேறு யார் அப்படிப் பார்க்காமல் சொல்லியிருந்தாலும் அவரை ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன். அவரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். காரை அங்கே விடவில்லை, அவரையும் நான் நம்பவில்லை.

அன்று சாயங்காலம் எதிர் வீட்டுக்காரர் வாசலில் நின்று செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய காரும் அதே மெக்கானிக்கிடம்தான் போகும்.

"என்ன ஓய், முகம் ஒரு மாதிரியா இருக்கு?"

"உம்ம கிட்ட மட்டும் சொல்றேன்," என்று ஆரம்பித்தேன். மலையில் பிரேக் போனது, ரப்பர், போன் வந்த ஐந்து நிமிஷம், பைபாஸ்காரர் சொன்னது, எல்லாம் சொன்னேன். நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. இருக்கலாம் என்றுதான் சொன்னேன். ஆனால் எங்கள் தெருவில் நான் இருக்கலாம் என்று சொன்னால் அது தீர்ப்பு. இவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டார், இனி என்ன இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு வாரத்துக்குள் ஐந்து கார்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டன. எனக்குத் தெரியாமல் இல்லை. வாசலில் நின்று எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஊரை ஒரு ஆபத்திலிருந்து காப்பாற்றிய பெருமை கொஞ்சம் இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அடுத்த மாதம் மெக்கானிக்கே போன் செய்தார்.

"சார், அடுத்து எப்ப மலைக்குப் போறிய? நானும் வாரேன். இங்க நிறுத்தி வச்சுப் பாத்தா அது பிடி தராது. போற எடத்துலதான் பாக்கணும்."

இதிலும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ஒருவர் எதற்கு வர வேண்டும்? வழியில் ஏதாவது செய்து, சரியாகிவிட்டது என்று காட்டப் போகிறாரா? வரச் சொன்னேன். போகும் வழி முழுக்க, சாலையைப் பார்த்த நேரம் போக மீதி நேரம் அவருடைய கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தேயிலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். லயத்தில் நான் மனு எழுதி முடிக்கும் வரை வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். அங்கே இருந்த ஒரு அம்மாள் கொடுத்த, பால் விடாத கட்டன் சாயாவைக் குடித்தார். அவ்வளவுதான்.

இறங்கும்போது அதே இடத்துக்குக் கொஞ்சம் மேலேயே பெடல் மெத்தென்று போயிற்று. இந்த முறை எதிர்பார்த்துக்கொண்டு மெதுவாகவே வந்ததால் பயமில்லை. "கியர இறக்குங்க. கையால பிடிங்க," என்றார் அமைதியாக. நிறுத்தினோம். அவர் இறங்கி முன்சக்கரத்துப் பக்கம் குனிந்து முகர்ந்து பார்த்தார். உள்ளங்கையைத் தள்ளி வைத்து அனலைப் பார்த்தார். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். பிறகு சாலையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை என்னைப் பெடலை மிதித்துப் பார்க்கச் சொன்னார். நாலாவது முறை அது கல்லாகிவிட்டது.

"சூடானா போவுது. ஆறினா வருது," என்றார். "உள்ள ஏதோ கொதிக்குது சார். ஆயில் இந்தச் சூட்டுக்குக் கொதிக்காது. தண்ணிதான் கொதிக்கும். கொதிச்சா ஆவி. ஆவிய மிதிச்சா மெத்துன்னுதான இருக்கும்?"

நான் பெடலை இன்னொரு முறை மிதித்துப் பார்த்தேன்.

"அந்த ஆயில் மழையில எங்க இருந்துச்சு சார்?"

பெடலிலிருந்து காலை எடுத்தேன். "ஸ்டோர் ரூம்ல. பரணியில."

"மூடி போட்டா?"

"துணி கட்டி."

அவர் எழுந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "பிரேக் ஆயிலு ஊறுகா இல்லல்லா சார். அது காத்துல இருக்க ஈரத்த எல்லாம் இழுத்துக் குடிச்சுரும். அதுக்குத்தான் அன்னைக்கே தூரப் போடச் சொன்னேன்."

செட்டுக்குத் திரும்பியதும் அவர் சாயா போடும் சின்ன அடுப்பைப் பற்ற வைத்தார். இரண்டு பழைய ஸ்பூன் எடுத்தார். என் வண்டியிலிருந்து ஊசி மூலம் உறிஞ்சி எடுத்த ஆயிலை ஒன்றில் விட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, இடுக்கியால் தீயின் மேல் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் அது சடசடவென்று பொரிந்து தெறித்தது. புதிய டின்னின் சீலை என் முன்னால் உடைத்து, அதிலிருந்து இன்னொரு ஸ்பூனில் விட்டு அதே போலப் பிடித்தார். அதே நேரம் வரை அது வாயே திறக்கவில்லை. முப்பது வருஷம் இரண்டு பொருளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எனக்கு அவமானமாக இருந்தது. என் கையாலேயே கழுவித் துடைத்துத் துணி கட்டிய பரணி. அதைக் கொண்டுதான் என் மனைவியை அந்த வளைவு வரை கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அவர் சந்தேகப்பட்டு ஒரு கேள்வி கேட்டார், அதற்கும் அவர் வாயை அடைத்துவிட்டேன்.

அவர் அடுப்பை அணைத்தார். "ஒங்க தெருவுலேந்து அஞ்சு வண்டி வரல்ல சார். மொதல்ல எல்லாரும் ஊருக்குப் போயிருக்காவன்னு நெனச்சேன். பொறவு ரோட்டுல பாத்தேன். வண்டி எல்லாம் ஓடிட்டுத்தான் இருக்கு." ஸ்பூன்களைத் துணியில் துடைத்தார். "நீங்க சொன்னதா?"

"ஆமா. நான்தான்."

அவர் தலையை ஆட்டினார். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "அப்போ நீங்கதான் மாத்திச் சொல்லணும் சார். நான் சொன்னா எடுபடாது. இந்த செட்டு ஒங்க தெருவ நம்பித்தான் ஓடுது."

அன்றைக்கே சொன்னேன். வீடு வீடாகப் போனேன். எதிர் வீட்டுக்காரரிடம்தான் முதலில். பரணியிலிருந்து ஸ்பூன் வரைக்கும் ஒன்றையும் விடாமல், என் தப்பு என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் செரி. ஆனா நீர் அன்னிக்குச் சொன்னப்பறம்தான் எனக்கும் ஓர்மை வந்தது கேட்டேளா. போன வருஷம் என் வண்டிக்கு கிளட்ச் மாத்தினானே, அப்பவே பெடல் ஒரு மாதிரியாத்தான் இருந்தது."

"அப்போ நீர் ஒண்ணும் சொல்லலையே. நன்னா இருக்குன்னுதானே சொன்னீர்?"

"அப்போ தெரியலை. இப்போன்னா தெரியறது."

அடுத்த வீட்டில் இன்னும் மோசம். அவர்கள் வண்டியில் ஸ்டெப்னி மாறியிருப்பதாக இப்போது கண்டுபிடித்திருந்தார்கள். அதற்கடுத்த வீட்டுக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உம்மை மலைக்கே கூட்டிண்டு போய், ரெண்டு ஸ்பூன் காட்டி மடக்கிட்டானாக்கும். ஒரு ஸ்பூன்ல அவன் ரெண்டு சொட்டு தண்ணி விட்டிருந்தா உமக்குத் தெரியுமா?"

தெரியாது என்பதுதான் உண்மை. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன், இதே சிரிப்போடு. நம்புவதற்குச் சொல்லிக் கொடுக்கும்படி என்னிடம் யாரும் கேட்டதில்லை. சந்தேகப்படுவதற்கு மட்டும் நான் சொல்லியே கொடுக்க வேண்டியிருக்கவில்லை, பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தில் ஒரு கார் மட்டும் திரும்பப் போயிற்று. அதுவும் அந்த வீட்டு அம்மாளை என் மனைவி தனியாகப் பார்த்துப் பேசியதால்.

மெக்கானிக் வாரத்தில் மூன்று நாள் தம்பானூர் பக்கம் இன்னொருவருடைய ஒர்க்ஷாப்பில் கூலிக்கு வேலை செய்யப் போக ஆரம்பித்தார். மீதி நாள் செட்டைத் திறந்து வைத்திருந்தார். நான் ஒரு காரணமும் இல்லாமல் டயருக்குக் காற்று பார்க்கச் சொல்லி அங்கே போவேன். ஒரு நாள் அவர் கேட்டார்.

"ஒங்க தெருவுக்குப் புதுசா குடி வந்திருக்காவளாமே சார். நீல வண்டியாம். மெக்கானிக் தேடுதாவன்னு பால்காரர் சொன்னாரு."

"ஆமா, கோடி ஆத்துக்கு. நான் சொல்றேன்," என்றேன்.

இந்த ஒரு காரையாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் புதிதாக வந்தவர் எதிர் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் இறங்கிப் போவதற்குள் எதிர் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டார்.

"இதோ வந்துட்டாரே. மணக்காட்டுக்காரன் கிட்ட மட்டும் போகப்படாதுன்னு சொல்லிண்டிருந்தேன். இவரையே கேளுங்கோ. மலையில பிரேக் போயி தப்பிச்சவராக்கும்."

வந்தவர் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன். பிரேக் போனது வாஸ்தவம், தப்பு என்னுடையது, அந்த மெக்கானிக்தான் கண்டுபிடித்தார், இன்றைக்கும் என் வண்டி அவரிடம்தான் போகிறது, நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும், "அப்போ பிரேக் போனது உண்மைதான், இல்லையா சார்?" என்றார். பிறகு எதிர் வீட்டுக்காரரிடம் பைபாஸ் ஒர்க்ஷாப்பின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். திங்கள்கிழமை காலையில் நீல நிறக் கார் என் வாசலைத் தாண்டி பைபாஸ் பக்கம் போவதைப் பார்த்தேன்.

புதன்கிழமை செட்டுக்குப் போனபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததைத் தாங்க முடியாமல் நானே சொன்னேன்.

"அந்த நீல வண்டி ரொம்பப் புதுசு. கம்பெனி சர்வீஸ் இன்னும் பாக்கி இருக்காம். அதான், வெளியில விடமாட்டாளாம்."

அவர் என் காரின் பானெட்டைத் தூக்கிக் கம்பியை மாட்டினார்.

"திங்கக்கிழமை பைபாஸ் ரோட்டுல நின்னுட்டிருந்தேன் சார். எனக்க முன்னாலதான் போச்சு. சைலன்சர் சத்தம் கேட்டா தெரியும்லா, பதினஞ்சு வருஷத்து வண்டி," என்றார். பிறகு பிரேக் ஆயில் டப்பாவின் வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்து, அளவு சரியாக இருக்கிறது என்று எனக்குக் காட்டினார்.